நிதானத்தின் இடது பக்கம்

அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தது வேனில் போய்வந்த பெண்கள்தான். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் இருக்கும் தையல் கம்பெனிக்கு அவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. மற்ற வேன்காரர்கள் மஞ்சள் விளக்கைக் கண்டால் மிதிப்பார்கள். இவர் பச்சை விளக்கைப் பார்த்தாலே யோசிப்பார்.

"அண்ணே, நடந்து போறவங்கல்லாம் நம்மள ஓவர்டேக் பண்றாங்க" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

"போகட்டும்மா. அவங்களுக்கு என்ன அவசரமோ" என்பார்.

அந்தக் குரல் பெரும்பாலும் ரேடியோவினுடையதாக இருக்கும். காலர் தைக்கிறவள். ஏறும்போது ஆரம்பித்தால் இறங்கும்வரை வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நிதானத்தின் சீட்டுக்கு நேர் பின்னால்தான் எப்போதும் உட்காருவாள்.

நிதானத்தின் மனைவிக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்று நின்று அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்து குடியேறிவிட்டது. வந்தால் வாந்தி எடுக்காமல் போகாது. கடைக்குத் துணி போட வரும் ஒரு அம்மாள் சொல்லித்தான் அவள் தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். மெத்தைக் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, சன்னலுக்குத் துணித் திரை. அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றார்கள். சில மாதங்களில் தலைவலி இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. வந்தாலும் முன்போல ஆளைச் சாய்க்கவில்லை.

நிதானம் நம்பவில்லை. "கண்ண மூடி உக்காந்தா தலைவலி போயிரும்னா, தூங்குறவனுக்கு ஆயுசுக்கும் தலைவலியே வரக் கூடாதே" என்பார். பத்தாவது படிக்கும் மகள் சிரிப்பாள். மனைவி பதில் சொல்ல மாட்டாள். வலி அவளுடையது, போனதும் அவளுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர் அதே அறையில் போய் எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்ந்த கதைதான் இது.

வேனின் இடது பக்கக் கண்ணாடி அடிக்கடி உரச ஆரம்பித்தது. ஒரு தடவை மின்கம்பம், இன்னொரு தடவை நின்றுகொண்டிருந்த லாரி. தனக்குக் கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டது என்று நினைத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் நேராகப் பார்க்கும் எழுத்துகளை எல்லாம் காட்டினார். கடைசி வரிவரை படித்தார். "எழுத்தெல்லாம் சரியாத்தான் படிக்கிறீங்க. ஆனா எதுக்கும் கண் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருங்க" என்றார் கடைக்காரர். அந்த "எதுக்கும்" நிதானத்தின் காதிலேயே நின்றது.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனார். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்னப் புள்ளியாக வெளிச்சம் வந்தால் அமுக்க வேண்டும். முதலில் புள்ளிகள் வந்தன. அமுக்கினார். பிறகு வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. இயந்திரம் மட்டும் உள்ளே எதையோ நகர்த்திக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்கிறது என்றால் புள்ளி வருகிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. கழுத்து வேர்த்தது. சத்தம் வரும்போதெல்லாம் குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தார்.

"ஐயா, லைட் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்றாள் அங்கிருந்த பெண். "தெரியாதப்பவும் அமுக்குறீங்க. மெஷின் கண்டுபிடிச்சிரும்."

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது, ஓரப் பார்வை, முக்கியமாக இடது பக்கம், நிறையப் போயிருக்கிறது என்றார்.

"வலியே இல்லையேம்மா?"

"வலிக்காதுங்க. அதுதான் இதுல பெரிய ஆபத்து. போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்து, தினமும், ஆயுசுக்கும்." எழுதிக்கொண்டே கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க? வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?"

"இல்லைங்க. வண்டி ஷெட்ல இருக்கேன்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்ததென்று அவருக்கே தெரியாது. ஓட்டுவது தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது என்பது மட்டும் தெரியும்.

வீட்டில், "கண்ணுல கொஞ்சம் பிரஷராம். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க" என்று முடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குளியலறையில் ஒரு ரகசியப் பழக்கம் ஆரம்பமானது. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துவார். ஓர் இடம் வந்ததும் விரல் காணாமல் போகும். கறுப்பாகக்கூட இருக்காது. அங்கே விரல் என்று ஒன்று இருந்ததற்கான சுவடே இருக்காது. திரும்பவும் நகர்த்துவார். அதே இடத்தில் போய்த் தொலையும். வெளியே மகள் கதவைத் தட்டும்வரை இதே வேலை.

சொட்டு மருந்து எரிந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கண் சிவந்தது.

"அண்ணே, என்ன கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு?" என்றாள் ரேடியோ. "ராத்திரி எங்க போனீங்க?"

வேன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். கம்பெனி வாசலில் காவலாளி சிரிக்கவில்லை. சன்னலுக்குள் முகத்தை நீட்டி, "கொஞ்சம் ஊதுங்க" என்றான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர், அத்தனை பெண்களுக்கு முன்னால் வாயைத் திறந்து ஊதினார். அன்று சாயங்காலம் மருந்து விட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் இல்லை. கண் வெளுத்தது. காவலாளி வணக்கம் சொன்னான்.

ஆனால் பயம் வெளுக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தால் உள்ளங்கை வழுக்கியது. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம், அங்கே யாரோ நிற்கிறார்கள், தனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும். கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குள் வலது பக்கம் யாராவது வந்திருப்பார்களோ என்று இந்தப் பக்கம் திரும்புவார். வேன் முன்பைவிட மெதுவாகப் போனது. பெண்கள் கேலி செய்வதை விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மனைவி வகுப்புக்குக் கிளம்பும்போது, "நானும் வரட்டா?" என்று கேட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மழை கிழை வரப் போகுதா?" என்றாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

முதல் நாளே அவருக்கு அந்த அறை பிடித்துப்போனது. காரணம் எளிது. கண்ணை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்கு இடது ஓரம், வலது ஓரம் கிடையாது. அங்கே அவருக்கு எந்தக் குறையும் இல்லை. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கச் சொன்னார் டீச்சரம்மா. எத்தனையோ நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த தோள்கள் கீழே இறங்கின.

வகுப்பு முடிந்ததும் யாராவது எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். அன்று சால்வை போர்த்திய ஒரு பெரியவர் எழுந்தார். "எனக்குக் கண்ணுல பிரஷர் இருந்தது. இங்க உக்கார ஆரம்பிச்ச பிறகு போய்ச் சோதிச்சேன். இறங்கிருச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டார்" என்றார்.

நிதானம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வேறு மாதிரி வந்துவிடுமோ என்று பயம். நீரில் மூழ்குகிறவனுக்குத் துரும்பின் தடிமனைப் பற்றி என்ன கவலை?

அதன் பிறகு வேகம்தான். காலையில் எழுந்ததும் உட்காருவார். பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, வேனை மர நிழலில் நிறுத்தி உட்காருவார். மனைவி வகுப்பு முடிந்து கிளம்பிய பிறகும் இவர் எழுந்திருக்க மாட்டார். வீட்டில் யார் தும்மினாலும், "மூச்சைக் கவனி" என்பார்.

"அப்பா, ஜலதோஷத்துக்கு மூச்சே வரலைப்பா, எதைக் கவனிக்கிறது?" என்றாள் மகள்.

குளியலறைச் சோதனையும் நிற்கவில்லை. விரல் இப்போது கொஞ்சம் தள்ளித்தான் மறைகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையை முன்பைவிடக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மனைவிதான் கவனித்தாள். இடது கைப் பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை அவர் தட்டிவிட்டார். ஒரு தடவை என்றால் கைத்தவறு. அதற்கப்புறம் வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் தட்டிவிட்டார். அலமாரியில் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். இரண்டாவது பாட்டிலின் மூடி முத்திரைகூட உடைக்கப்படாமல் இருந்தது.

"இது என்ன?" என்று நீட்டினாள்.

"அது... எரியுது. கண்ணு செவக்குது. ஊதச் சொல்றான். இப்பதான் வகுப்புக்கு வர்றேனே. உனக்குத் தலைவலி போச்சுன்னு நீதானே சொன்ன? உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"என் தலைவலி வந்தாலும் எனக்குத் தெரியும், போனாலும் தெரியும். உங்க கண்ணு போறது உங்களுக்கே தெரியலையேங்க!"

அவருக்குக் கோபம் வந்தது. "அப்போ உனக்கே அதுல நம்பிக்கை இல்ல. இத்தனை நாள் எதுக்கு அங்க போய் உக்காந்த?" என்று கத்தினார். ஒரு காலத்தில் அவர் கேலி செய்ய, அவள் வாயை மூடிக்கொண்டு போவாள். இப்போது அவர் தியானத்துக்கு வக்கீல், அவள் எதிர்க்கட்சி. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் மருந்து விட்டுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். தினமும் அவள் பார்க்கும்படி அண்ணாந்து பாட்டிலை அழுத்துவார். சொட்டு கன்னத்தில் விழும். கண்ணைக் கசக்குவதுபோல் துடைத்துக்கொள்வார். பாட்டில் காலியாகிக்கொண்டு வந்தது. அவளும் நம்பினாள்.

அது ஒரு திங்கட்கிழமை காலை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அன்று அவர் மனம் தெளிவாக இருந்தது. விடியும்முன் எழுந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. திருப்பினார், வேனை.

"அண்ணே! ஆளு! ஆளு!" என்று ரேடியோ அலறினாள்.

பிரேக்கை மிதித்தார். அதற்குள் எதையோ இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு பின்சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

அந்தச் சத்தத்துக்கும் அவர் கதவைத் திறந்து இறங்கியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவில்லை. வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக அவரால் முடியவில்லை. போனால் பார்க்க வேண்டியிருக்கும். வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் வந்தது. அழுகிறது என்றால் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகுதான் நடந்தார்.

ஒரு பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, சின்னப் பெண் குழந்தை ஒன்றை இடுப்போடு சேர்த்து அணைத்திருந்தாள். குழந்தையின் பள்ளிக்கூடப் பை வேனின் ஏதோ ஒரு கம்பியில் மாட்டித் தோளிலிருந்து உருவப்பட்டுச் சக்கரத்துக்கு அடியில் போயிருந்தது. சாப்பாட்டு டப்பா தகடாகக் கிடந்தது. குழந்தையின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று கத்தினாள் அந்தத் தாய்.

எல்லா ஓட்டுநர்களும் வாங்கியிருக்கும் வசவுதான். இவருக்கு மட்டும் அது கேள்வியாக இருந்தது. "தெரியலம்மா" என்றார்.

ரேடியோ இறங்கி வந்தாள். "அண்ணே, அவங்க ரொம்ப நேரமா அங்கேயேதானே நின்னாங்க. நானே பின்னால இருந்து பாத்தேன். நீங்க பாக்கலையா?"

"இல்லம்மா. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாவே தெரியாது."

அவள் வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்தாள். "வேன் நிறைய உசுர ஏத்திக்கிட்டா இத்தனை நாள் ஓட்டுனீங்க?" என்றாள். பிறகு திரும்பி, மற்றவர்களை இறங்கச் சொன்னாள். எல்லோரும் கம்பெனிக்கு நடந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிதானம் வேன் முதலாளிக்குப் போன் செய்து, வேனை எடுத்துப்போக ஆள் அனுப்பச் சொன்னார். ஆள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுச் சலவைக் கடைக்கு நடந்தார். வழியில் சாலையைக் கடக்கத் தனியாகத் துணிவில்லாமல், யாரோ ஒருவர் கடக்கும்வரை காத்திருந்து அவர் பின்னாலேயே போனார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். கன்னத்தில் விட்ட சொட்டு உட்பட.

அவள் திட்டவில்லை. "வாங்க" என்று சொல்லி முதலில் கூட்டிக்கொண்டு போனது மெத்தைக் கடை மாடிக்கு. காலை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. டீச்சரம்மா முழுவதையும் கேட்டார்.

"மருந்தை நிறுத்துங்கன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நானே சர்க்கரை மாத்திரை போட்டுட்டுத்தான் இங்க வந்து உக்காருறேன்."

"நீங்க சொல்லலைங்க. இவருதான்..." என்று நிதானம் அங்கே நின்றிருந்த சால்வைப் பெரியவரைக் காட்டினார்.

அந்தப் பெரியவர் திகைத்துப்போனார். "நானா? ஐயய்யோ! நான் காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அதைத் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணலையேப்பா!"

டீச்சரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்பு என் மேலயும் இருக்கு. அவர் சொன்னப்போ நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கறதுக்கு நல்லா இருந்தது, விட்டுட்டேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அந்த அறையில் யார் எழுந்து அனுபவம் சொன்னாலும், "மருந்தும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார விட்டார். சிலருக்கு அது பிடிக்காமல் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கண் ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை மனைவியும் வந்தாள். என்ன வேலை என்ற உண்மையையும் சொன்னார்கள். டாக்டர் கோபப்பட்டார், பிறகு எரியாத வேறு மருந்து ஒன்றை மாற்றிக் கொடுத்தார். "எரியுதுன்னு அப்பவே வந்து சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே" என்றார். அதைக் கேட்டபோதுதான் நிதானம் அழுதார்.

"தியானம் பண்றதை நிறுத்திரணுமாம்மா?" என்று மனைவி தயங்கிக் கேட்டாள்.

"ஏன் நிறுத்தணும்? மனசுக்கு நல்லதுதான். அழுத்தம்கூடக் கொஞ்சம் குறையலாம்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா கொஞ்சத்தை நம்பி உங்க வீட்டுக்காரர் கண்ணை என்னால விட முடியாது."

மறுபடியும் அந்த வெள்ளைக் கிண்ணம். முகத்தை வைத்ததும் பழைய வேர்வை வந்தது. உள்ளே இயந்திரம் நகரும் சத்தம் கேட்டது. விரல் தானாகத் துடித்தது. மூச்சைக் கவனித்தார். தெரிந்தபோது அமுக்கினார். தெரியாதபோது அந்தத் தெரியாமையோடு சும்மா இருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான் என்று பின்னால் மனைவியிடம் சொன்னார். முதல் தடவையைவிட அதிகம் போயிருந்தது என்று வந்தது. எவ்வளவு மருந்தை நிறுத்தியதால், எவ்வளவு முதல் தடவை பொத்தானைப் பொய்யாக அமுக்கியதால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலாளி கண்டபடி கத்தினார். ஆனால் ஷெட்டில் டயர் பார்க்கவும் வண்டிகளுக்கு ஆள் பிரித்து அனுப்பவும் ஒரு வேலை கொடுத்தார். ரேடியோ வேறு வேனில் போனாள். ஷெட்டுப் பக்கம் வந்தாலும் அவரோடு பேசுவதில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கும் சாக்கில் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. புது மருந்தில் அழுத்தம் இறங்கி நின்றது. காலையில் மனைவியே அவர் கண்ணில் சொட்டு விட்டுவிட்டு, பிறகு பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவளுக்குத் தலை லேசாகும். அவருக்கு ஒன்றும் குணமாவதில்லை. கொஞ்ச நேரம் பயம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் டாக்டர், எல்லாவற்றையும் எழுதி முடித்து நிமிர்ந்து, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரலாம். ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு மகள் மேசையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நிதானம் அவளுக்கு இடது பக்கமாகப் போய், சத்தம் இல்லாமல் விரலை நீட்டினார்.

"என்னப்பா?" என்றாள் அவள் திரும்பாமலே.

"ஒண்ணும் இல்லம்மா."

ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் உள்ளே போனாள், கதவு மூடியது. வெளியே நீளமான நாற்காலி வரிசை. நிதானம் கண்ணை மூடினார். மூச்சு உள்ளே போனது. வெளியே வந்ததா என்று தெரியவில்லை. திரும்பவும் முயன்றார். கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்துவிட்டார்.

"முடியல" என்றார்.

"எனக்கும் முடியல" என்றாள் மனைவி. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கைகளும் ஈரமாக இருந்தன.

வெகு நேரம் கழித்து மகள் வந்தாள். கண்பாவையை விரிக்கும் மருந்து விட்டிருந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அம்மா, எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு" என்று சிரித்தாள். பின்னாலேயே டாக்டர்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கு. வருஷா வருஷம் தவறாமக் கூட்டிட்டு வாங்க."

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிதானம் நன்றி சொல்லி எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் அவளுக்குக் கண் கூசும் என்று ஷெட்டில் போடும் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். படி இறங்கும்போது டாக்டர் சொன்னதில் மற்றதெல்லாம் போய், "இப்போதைக்கு" என்ற ஒரு சொல் மட்டும் அவரோடு கூடவே இறங்கிக்கொண்டிருந்தது.